கீழ்த்தளத்துச் சமையலறைக்கு எவ்வளவு வானம் தெரிய வேண்டும்?

சென்னையில் நாங்கள் குடியிருப்பது ஒரு அடுக்ககத்தின் தரைத்தளம். அரிசியில் கல் பொறுக்கவோ பயறு புடைக்கவோ வேண்டுமென்றால், காலை 11 மணிக்குக்கூட என் அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார். சமையலறையில் ஜன்னல் இல்லாமல் இல்லை. எட்டுக்கு ஒன்பது அடி அறையில் நான்குக்கு மூன்று அடி ஜன்னல் இருக்கிறது. அதற்கு வெளியே பத்தடி தள்ளி, பக்கத்து மனையில் ஐந்து தளமாக எழுந்து நிற்கும் கட்டடத்தின் பூசாத சிமென்ட் சுவர். மேடைமீது விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்துப் பார்த்தேன் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு). 35 லக்ஸ் காட்டியது.

சமையலறைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று நம் நாட்டுத் தர நிர்ணயமே சொல்கிறது. காலையிலோ மாலையிலோ சூரியன் 15 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, நேரடி வெயில் நீங்கலாக, திறந்தவெளியில் வானம் தரும் வெளிச்சத்தை 8,000 லக்ஸ் என்று அது கணக்கில் கொள்கிறது. அதில் இரண்டரை சதவீதம், அதாவது 200 லக்ஸ், சமையலறைக்குள் வர வேண்டும். நான் அளந்த 11 மணிக்கு வெளியே அதைவிட அதிக வெளிச்சம் இருந்திருக்கும் என்பதால், எங்கள் நிலை அந்த 35 காட்டுவதைவிடவும் மோசம்.

ஆனாலும் எங்கள் வீடு விதிப்படி கட்டப்பட்டதுதான். ஈரமும் வெப்பமும் மிகுந்த ஊர்களில் ஜன்னல் திறப்புகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. 72 சதுர அடிக்கு 12 சதுர அடி. கணக்கு சரியாக இருக்கிறது. ஜன்னல் எவ்வளவு பெரியது என்று கேட்கும் இந்தக் கணக்கு, அந்த ஜன்னலிலிருந்து வானம் தெரிகிறதா என்று கேட்பதில்லை. என் மனத்தாங்கல் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே பம்பாயில் கேட்டிருக்கிறார்கள். 1896இல் அந்நகரைப் பிளேக் தாக்கியது. அதையடுத்து, நெருக்கமான குடியிருப்புகளைச் சீரமைக்க 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு உருவாக்கப்பட்டது. பின்னாளில் அதன் தலைவராக இருந்த ஜே. பி. ஆர் (J. P. Orr), அறுபத்து மூன்றரை டிகிரி விதிக்காக விடாமல் வாதாடினார். விதி மிக எளிது. கீழ்த்தள அறையின் ஜன்னலடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுத்தால், அது கிடைமட்டத்திலிருந்து அறுபத்து மூன்றரை டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சாதாரணக் கணக்கில் சொன்னால், கட்டடத்தின் உயரம் இடைவெளியைப் போல இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும். பத்தடி இடைவெளிக்கு இருபதடி உயரம் தகும். என் ஜன்னலடியிலிருந்து அந்தக் கோணத்தைக் கணக்கிட்டேன். ஏறத்தாழ 78 டிகிரி வந்தது.

அதே மும்பையில், அதே விதியை மறந்ததன் விலையையும் பார்க்க முடிகிறது. கோவண்டி, மான்கூர்டு பகுதிகளில் நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட் ஆகிய மறுவாழ்வுக் குடியிருப்புகளில் கட்டடங்களுக்கிடையே வெறும் மூன்று மீட்டர் அளவில்தான் இடம் விடப்பட்டது. குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கான வீடுகள் என்பதாலேயே இடைவெளி விதியில் சலுகை காட்டப்பட்டது. 2018இல் டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற மருத்துவத் தொண்டு அமைப்பும் மும்பை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அங்கே ஆய்வு செய்தபோது, வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்த்தளங்களில் காசநோய் அதிகமாக இருப்பது தெரியவந்தது. இடநெருக்கடிக்கும் வறுமைக்கும் இதில் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஒரே வளாகத்தில் ஒரே மாதிரி வீட்டில் வாழ்பவர்களுக்குள் தளத்தைப் பொறுத்து நோய் கூடிக் குறைகிறது என்றால், வரைபடம் போட்டவர்களும் அதற்கு ஒப்புதல் தந்தவர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

வெயில் கொளுத்தும் ஊரில் வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம், நிழல் கிடைத்தால் போதாதா என்று நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். வெயில் வேறு, வானொளி வேறு என்பதுதான் இதற்கு என் பதில். வெயிலைத் தடுக்க ஜன்னலுக்கு மேல் ஒரு நல்ல சன்ஷேடு போதும். வானத்தை மறைக்கத் தேவையில்லை. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக் 1890இல் பெர்லின் மருத்துவ மாநாட்டில் பேசியபோது, நேரடி வெயிலில் அக்கிருமி சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் இறந்துவிடுகிறது என்றும், ஜன்னலோரத்தில் விழும் பரவலான பகல் வெளிச்சத்திலும்கூட ஐந்து முதல் ஏழு நாட்களில் இறக்கிறது என்றும் சொன்னார். என் அம்மாவுக்கு வேண்டியதும் அந்தப் பரவலான வெளிச்சம்தான்.

மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை அரசு கூட்டித் தரும் ஒவ்வொரு முறையும் உயரம் கூடுகிறது. மனை எல்லையிலிருந்து கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடமான செட்பேக் அதற்கேற்பக் கூடுகிறதா என்பதைக் கீழ்த்தளத்தில் நின்று யாரும் பார்ப்பதில்லை. உயரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடமில்லாத நகரத்தில் அப்படிச் சொல்வது, வீடில்லாதவர்களை ஊருக்கு வெளியே தள்ளுவதில்தான் போய் முடியும். வரைபட ஒப்புதலுக்கு வரும் ஒவ்வொரு கட்டடத்திலும், அதை ஒட்டிய பழைய கட்டடங்களிலும், ஆகக் கீழேயுள்ள சமையலறையில் எத்தனை லக்ஸ் கிடைக்கும் என்று கணக்கிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை. இந்தக் கணக்குக்கான மென்பொருள்கள் இன்று பல கட்டடக்கலை அலுவலகங்களில் இருக்கின்றன. அரசு கட்டித்தரும் மறுகுடியமர்வு வீடுகளிலிருந்து இதைத் தொடங்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒதுக்கப்பட்ட தளம் பிடிக்கவில்லை என்று எவரும் வேறு வீடு பார்த்துப் போக முடியாது.

எதிர்ச்சுவருக்கு வெள்ளையடிக்க அனுமதி கேட்டு, பொங்கலுக்கு முன் பக்கத்துக் கட்டடச் சங்கத்தாரைப் பார்த்தேன். மறுக்காமல் சம்மதித்தார்கள். எங்கள் ஜன்னலுக்கு நேராக இரண்டு தள உயரத்துக்குச் சாரம் கட்டி, இரண்டு கை சுண்ணாம்பு அடித்தோம். மறுவாரம் அதே 11 மணிக்கு மேடைமீது 60 லக்ஸ் வந்தது. வெண்டைக்காய் நறுக்க இப்போது விளக்கு வேண்டியதில்லை. கல் பொறுக்க மட்டும் அம்மா இன்னும் படிக்கட்டுக்குத்தான் போகிறார்.