பட்டினியோடு இரத்தம் கொடுக்கப் போகாதீர்கள்

"பட்டினியாகப் போய்த்தான் இரத்தம் கொடுக்க வேண்டும், போன இரத்தம் ஊற ஒரு வருடம் ஆகும்" என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தவறு. முதலில் சொன்னது ஆபத்தும்கூட. பட்டினி கேட்பது சீனிப் பரிசோதனைக்கு. இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு போனால் தலைசுற்றி விழ நேரிடலாம். இடியப்பமோ பாணோ சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு கொழும்பு நாரஹேன்பிட்டி தேசிய இரத்த நிலையத்துக்குப் போங்கள்.

எடுப்பது ஏறக்குறைய 450 மில்லிலீற்றர். நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும், செங்குருதிக் கலங்களுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதனால்தான் இலங்கையில் ஒருமுறை கொடுத்தால் அடுத்த முறைக்கு நான்கு மாத இடைவெளி. இரத்தம் குறைந்தவர்களிடம் எடுக்கவும் மாட்டார்கள்: விரல் நுனிச் சொட்டை நீலக் கரைசலில் விட்டுப் பார்ப்பார்கள், அது மூழ்காவிட்டால் இரத்தம் போதுமா என்பது சந்தேகம்தான். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள், முதன்முறை கொடுக்கப் போகிறவர்கள் படிக்கிறார்கள்.