ரயில் நம்பர் ஞாபகம் இருக்கு, டிபன் பாக்ஸ் ஞாபகம் இல்லை

ஏடிஹெச்டி (கவனக் குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும்) உள்ளவர்களிடம் கற்றலும் நினைவும் எப்படி நடக்கின்றன என்று ஆராய அமெரிக்காவில் ஒரு போஸ்ட்டாக் இடம். அந்த விளம்பரத்தை நேற்று அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். ஐந்தாவது நிமிடம் போன்.

"ஏட்டி, டாக்டர் பட்டம் வாங்கியாச்சுல்லா? இன்னும் என்னட்டி படிப்பு?"

"படிப்பு இல்லக்கா, வேலை. ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு ஒப்பந்தம் போட்டுத் தருவாங்க."

"அப்போ தொகுப்பூதியம்னு சொல்லு."

போஸ்ட்டாக் என்பதற்கு இதைவிடச் சரியான தமிழை நான் இதுவரை கேட்டதில்லை.

அக்கா ஏன் உடனே கூப்பிட்டாள் என்றால், அவள் மகனுக்கு ஏடிஹெச்டி. 11 வயது. நெல்லை எக்ஸ்பிரஸ் போகும்போது 12632, வரும்போது 12631 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து மூன்று தண்ணீர் பாட்டிலும் ஒரு டிபன் பாக்ஸும் போயாச்சு. "ரயில் நம்பர் மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு? வேணும்னே மறக்கான்" என்பது மச்சான் தீர்ப்பு. மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் அறிகுறிப் பட்டியலிலேயே 'அன்றாட விஷயங்களில் மறதி' என்று ஒரு வரி இருக்கிறது. மச்சானை மட்டும் என்ன சொல்ல?

என் வழக்கு அந்த 'மறதி' என்ற சொல்லோடுதான். உள்ளே போனது வெளியே போனால்தான் மறதி. இந்தப் பிள்ளைகளிடம் பல நேரம் விஷயம் முழுதாக உள்ளேயே போவதில்லை.

இதைப் பிரித்துப் பார்க்க ஆந்த்ரே ரே என்ற சுவிஸ் உளவியலாளர் வழியில் வந்த ஒரு சோதனை உண்டு. 15 சொற்களை வாசித்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வது. இப்படி ஐந்து முறை. அரை மணி நேரம் கழித்து, வாசிக்காமலே மறுபடி கேட்பது. ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. சொல் நினைவில் அவர்கள் பின்தங்குவது பெரும்பாலும் கற்கும் கட்டத்திலேயே நடந்துவிடுகிறது என்பதே அதன் முடிவு.

போன விடுமுறையில் நானாக ஒரு பட்டியல் எழுதி அக்கா மகனிடம் வைத்துப் பார்த்தேன் (விளையாட்டுக்குத்தான், இதை வைத்து யாருக்கும் நோய் கண்டுபிடிக்காதீர்கள்). குடை, சாவி, வாழை என்று போனது. "எந்த வாழை சித்தி, மட்டியா?" என்றான். அவன் மட்டியில் நின்றிருந்த நேரத்தில் அடுத்த மூன்று சொற்கள் காற்றோடு போயின. முதல் சுற்றில் 4. ஐந்தாவது சுற்றில் 11. பிறகு கிரிக்கெட் ஆடப் போய்விட்டு வியர்வையோடு வந்தவனை வாசலிலேயே மறித்துக் கேட்டேன். 10 சொன்னான். கூடவே, பட்டியலில் இல்லாத மட்டியையும் சொன்னான்!

அப்புறம் ஏன் ரயில் நம்பர் மட்டும் ஒட்டிக்கொள்கிறது? டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் கதை இங்கேதான் வருகிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். முதலில் சாறு கிடைக்கும்போது டோபமைன் செல்கள் துடிக்கின்றன. சாறுக்கு முன்னால் எப்போதும் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், அந்தத் துடிப்பு விளக்குக்கு மாறிவிடுகிறது. ஏடிஹெச்டியில் இந்த இடமாற்றம் சரியாக நடப்பதில்லை என்று கெயில் ட்ரிப்பும் ஜெஃப் விக்கென்ஸும் 2008-இல் ஒரு கோட்பாடு வைத்தார்கள். இன்னும் கோட்பாடுதான். ஆனால் "முழுப் பரீட்சை முடியட்டும், சைக்கிள் வாங்கித் தாரேன்" என்ற பேச்சு இவனிடம் ஏன் எடுபடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ரயில் நம்பருக்குப் பரிசு அங்கேயே, அப்போதே. ரயில் கேட்டைத் தாண்டும்போது நம்பரைச் சொன்னான், பெட்டியில் பார்த்தான், சரி. முடிந்தது.

மாத்திரை இதைச் சரிசெய்துவிடுமே என்பீர்கள். 2022-இல் ஃப்ளோரிடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 7 முதல் 12 வயது வரை 173 பிள்ளைகள், கோடை முகாம் வகுப்பு. ஒரு பாடத்தை மருந்தோடும் இன்னொன்றை வெற்று மாத்திரையோடும் படித்தார்கள். மருந்தில் இருந்தபோது நிமிடத்துக்கு 37 சதவீதம் அதிகமாகக் கணக்குப் போட்டார்கள், சேட்டை பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் புதுப் பாடத்தைக் கற்ற அளவு? இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். (இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். வகுப்பில் அடிவாங்காமல் உட்கார முடிவதே ஒரு பிள்ளைக்குப் பெரிய விஷயம்.) கவனம் வந்தால் கற்றல் தானாக வந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. அந்த ஓட்டைக்குள் இறங்கத்தான் இந்த வேலைக்கு ஆள் கேட்கிறார்கள்.

என் கோபமும் இங்கேதான். அரை மணி நேரம் கழித்து எத்தனை சொல் நிற்கிறது என்பதை ஒரு மாதத்தில் அளந்து கட்டுரை போட்டுவிடலாம். ஜூனில் படித்த பின்னம் மார்ச்சில் நிற்கிறதா, அது நிற்க எத்தனை தடவை, எந்த இடைவெளியில் சொல்லித்தர வேண்டும் என்று பார்க்க, அதே பிள்ளைகளோடு வருடக்கணக்கில் இருக்க வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2024-இல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஹெச் புது போஸ்ட்டாக்குகளுக்கு நிர்ணயித்த உதவித்தொகை வருடத்துக்கு 61,008 டாலர். பணத்தைக்கூட விடுங்கள். பிள்ளைகள் பெயர் பழகி முடிக்கும்போது அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார வேண்டும். ஆற அமரப் பார்க்க வேண்டிய கேள்வியை அவசரக்காரர் கையில் கொடுத்துவிட்டு, அரை மணி நேரப் பதில்களாகவே வருகின்றனவே என்று அலுத்துக்கொள்கிறோம்.

போதாததற்கு, இந்த மாதிரி விளம்பரங்களில் எப்போதும் இருக்கும் வரி: 'பல வேலைகளை ஒரே நேரத்தில் கையாளும் திறன் அவசியம்'. ஏடிஹெச்டி உள்ள ஒருவர் உள்ளே வந்துவிடக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டின மாதிரி இருக்கிறது. எத்தனை தடவை சொன்னால் தனக்குள் இறங்கும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் அக்காவிடம் அரை மணி நேரம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரிட்டி, போட்டுத்தான் பாரேன். அந்தப் பதினஞ்சு வார்த்தைய மட்டும் எனக்கு அனுப்பு."

"எதுக்குக்கா, திரும்பவும் அவனுக்கா?"

"இல்ல, அவங்கப்பாவுக்கு. காலையில வண்டிச் சாவியத் தேடிக்கிட்டுக் கெடந்தாவ, சட்டைப் பையில வச்சுக்கிட்டே."