டச்சப் டேபிள் அக்காவின் சம்பளத்தில் ஏன் கை வைக்கிறீர்கள்?

இன்றைக்குக் காலையிலும் அதேதான். லைன் ஓட ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகவில்லை, கேமராவில் குறை பார்க்கிற மெஷின் வரிசையாக எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டுகளை ரிஜெக்ட் செய்கிறது. ஐசி சிப்பின் கால்களுக்கு நடுவே சோல்டர் உருண்டைகள், அதாவது பாகங்களைப் போர்டில் ஒட்டுகிற உலோகத்தின் துளிகள். கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனால் இரண்டு கால்களை ஷார்ட் செய்ய அது போதும். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். எட்டு வருடமாகக் கேட்கிற அதே வார்த்தை: "டச்சப்புக்கு அனுப்புப்பா, லைன் நிற்கக் கூடாது." டச்சப் என்றால், கெட்டுப்போன போர்டைக் கையால் சரிசெய்கிற டேபிள்.

உருண்டை ஏன் வருகிறது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு சின்ன அசெம்பிளி கம்பெனியில் மெஷின் பார்க்கிறேன். சோல்டர் பேஸ்ட் என்பது வெள்ளீயக் கலவைப் பொடியை, உலோகம் நன்றாக ஒட்ட உதவுகிற ஃபிளக்ஸில் குழைத்த பசை. ஃப்ரிட்ஜில் 10 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். எடுத்தால், மூடியைத் திறக்காமல் நாலு மணி நேரமாவது வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மேலெல்லாம் வியர்க்கிறதே, குளிர்ந்த டப்பாவைத் திறந்தால் பேஸ்டும் அப்படித்தான் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சோல்டரை உருக்குகிற ஓவனுக்குள் போர்டு போனதும், அந்த ஈரம் காய்ந்த எண்ணெயில் தண்ணீர் விழுந்த மாதிரி வெடித்துத் தெறிக்கும். தெறித்ததுதான் அந்த உருண்டை.

எங்கள் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. டப்பாவை வெளியே எடுப்பது ஐந்தே முக்காலுக்கு! கடலோர ஊர், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழை. கரண்ட் பில்லுக்காக ராத்திரி ஏசியையும் நிறுத்திவிடுகிறார்கள். காலையில் ஈரப்பத மீட்டர் 78 காட்டுகிறது. 60-ஐத் தாண்டக் கூடாது என்று அதே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட் தம்பி இரண்டு மணிக்கு ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தால் போதும். ஒரு பைசா செலவில்லை. எடுத்த நேரத்தை மூடியில் எழுத நானே ஸ்டிக்கர் ஒட்டினேன். இரண்டு வாரம் உருண்டை கண்ணில் படவே இல்லை. அப்புறம் ஒரு அவசர ஆர்டர் வந்தது, ஸ்டிக்கரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓவன் கதை இதைவிட மோசம். ஈயம் இல்லாத சோல்டர் உருக 217 டிகிரி வேண்டும். பழைய ஈய சோல்டர் 183-லேயே உருகிவிடும், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தப்பித்தோம். இப்போது அந்தச் சலுகை இல்லை. பெரிய கனெக்டர் சூட்டைக் குடித்துவிடும், அதன் கால்கள் மட்டும் வேகாமல் நிற்கும். "திரையில் 245 காட்டுகிறதே" என்கிறார்கள். அது ஓவனுக்குள் இருக்கிற காற்றின் சூடு சார், போர்டின் சூடு இல்லை! ஒரு ஸ்கிராப் போர்டில் சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் கம்பியை ஒட்டி நானே ஓட்டிப் பார்த்தேன். கனெக்டர் காலில் 221-க்கு மேல் ஏறவே இல்லை, அதுவும் சில விநாடிதான். 235-ஆவது தொட வேண்டிய இடம். திறந்து பார்த்தால் ஒரு ஜோனில் ஃபேன் சுற்றவில்லை. எத்தனை மாதமாக அப்படி நின்றதோ. அத்தனை மாதமும் சரியாக உருகி ஒட்டாமல் வந்த டிரை சோல்டர் எல்லாம் எங்கே போனது? டச்சப் டேபிளுக்கு.

அந்த டேபிளில் ஆறு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வானூர் பக்கத்திலிருந்து விடிவதற்கு முன்னால் பஸ் ஏறி வருகிறவர்கள். லென்ஸில் கண் வைத்து, 350 டிகிரி சோல்டரிங் அயர்னைப் பிடித்து, ஒரு நாளைக்கு முந்நூறு போர்டு பார்க்கிறார்கள். ஃபிளக்ஸ் புகை ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோய் விடும். புகை உறிஞ்சும் குழாய் கிழிந்து தீபாவளிக்கு முன்னாலிருந்து கிடக்கிறது. அதைச் சொன்னால் "பார்க்கலாம்".

போன மாதம் கஸ்டமரிடமிருந்து நாற்பது போர்டு திரும்பி வந்தது. பாகத்தின் கால் ஒட்டுகிற செம்புத் தகடு, பேட், பெயர்ந்துவிட்டது. ஒரே இடத்தில் மூன்று தடவை அயர்ன் வைத்தால் செம்பு போர்டிலிருந்து விடாமல் என்ன செய்யும்? மூன்று தடவை வைக்கச் சொன்னது யார்? ஷீட்டில் கையெழுத்து அந்த டேபிளில் இருக்கிற ஒரு அக்காவுடையது, அதனால் சம்பளத்தில் 1,500 ரூபாய் பிடித்தார்கள். பதினோரு வருடமாக அயர்ன் பிடிக்கிறவர். ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னிடம் மட்டும், "தம்பி, நான் சரியாத்தானே வச்சேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

நீங்கள் சரியாகத்தான் வைத்தீர்கள் அக்கா. பேஸ்டைக் குளிரோடு திறந்தவர்களும், நின்றுபோன ஃபேனைப் பார்க்காத நாங்களும்தான் கெடுத்தோம். மெஷின் பார்க்கிற நானும் அதில் ஒருவன். நான் முன்னாலேயே ஓவனைத் திறந்திருக்க வேண்டும்.

நாளைக் காலை அந்த வெப்ப கிராஃபைப் பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேஜையில் வைக்கப் போகிறேன். 221 என்ற இடத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஃபேன் மோட்டாரை மாற்றுவது, குழாயைத் தைப்பது எல்லாம் அப்புறம் பேசலாம் சார். முதலில் அக்காவின் 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள்.