படம் பார்க்க விடுங்கோவன்

ஞாயிறு இரவு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு, அலெக்சாண்டர் பற்றிய தொடரைப் பார்க்க விறாந்தையில் இருந்தோம். பாரசீக மன்னனோடு அவன் பொருதிய கௌகமேலா சண்டை தொடங்க வேண்டிய நேரம். திரையில் அவன் தோழன் ஹெஃபஸ்தியோனைக் கட்டிப்பிடித்தான், அவ்வளவுதான். பெரியப்பா ரிமோட்டைப் பறித்து நிறுத்திவிட்டார். "மூண்டு பெண்சாதி கட்டினவனடா! மாவீரனை நாசமாக்கிப் போட்டாங்கள்."

தங்கச்சி விடுவாளா? "இல்லைப் பெரியப்பா, அவர் 'கே' தான், ஆம்பிளையை விரும்புறவர்." ஏதோ அவனுடைய அடையாள அட்டையைப் பார்த்தவள் மாதிரி.

இரண்டு பேருக்கும் எவ்வளவு நிச்சயம்! 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லே 1869 இல்தான் ஜெர்மன் மொழியில் அச்சேறியது. அலெக்சாண்டர் செத்ததோ கி.மு. 323. தோழன் இறந்த துக்கத்தில் குதிரைகளின் பிடரி மயிரையே வெட்டச் சொன்னான் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அந்த அன்புக்கு அவன் என்ன பெயர் வைத்திருப்பான்? எனக்குத் தெரியாது, தங்கச்சிக்கும் தெரியாது. அதற்காக, மூன்று கலியாணத்தைக் காட்டி அந்த அன்பே இல்லை என்று பெரியப்பா சாதிப்பதும் விசர்க்கதை.

சரி, ஓய்ந்தார்கள் என்று நினைக்க, குசினிக்குள் இருந்து அம்மா: "அப்ப கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும்? முகமே பாராமல் சிநேகமாகி, சாப்பிடாமல் வடக்கிருந்து செத்தவையெல்லோ?"

பெரியப்பா திரும்பவும் எழும்பினார். புட்டு ஆறிவிட்டது. டேட்டாவும் முடிந்துவிட்டது. சண்டையில் யார் வென்றது என்பதைப் புத்தகத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.