மூன்று வேலைநாள் கெடு

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால், "ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் இருக்கிறவரைக்கும் அங்கே ஒன்றும் மாறாது" என்று மறுநாளே நம் ஆட்கள் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். இது தவறு. அதைவிட, சட்டம் எழுத வேண்டியவர்களைச் சுலபமாகத் தப்பவிடுகிற பேச்சு இது.

தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-4 எனத் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த உரிமை வரம்பற்றதல்ல என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. கடும் குற்றவாளிகளுக்குத் தடை, பள்ளிகளுக்குள் கொண்டுபோகத் தடை, விற்பனைக்கு நிபந்தனை எதையும் அது தொடவில்லை. 2022இல் ப்ரூயன் தீர்ப்பு பிடியை இறுக்கியது உண்மைதான்: எந்தக் கட்டுப்பாடானாலும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றது. கீழ் நீதிமன்றங்கள் குழம்பின. 2024இல் ரஹிமி வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், குடும்ப வன்முறைக்காகத் தடையாணை விதிக்கப்பட்டவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 8-1 எனக் காப்பாற்றியது. பழைய சட்டத்தின் அச்சுநகல் வேண்டாம், கொள்கை பொருந்தினால் போதும் என்பதுதான் சாரம்.

அப்படியானால் சட்டங்கள் எங்கே தோற்கின்றன? பெரும்பாலும் வாசகத்தில். பம்ப் ஸ்டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் லாஸ் வேகஸ் படுகொலையில் பயன்பட்ட, தோளில் பதிக்கும் கட்டை அது. துப்பாக்கி பின்னுதைப்பில் முன்னும் பின்னும் ஓட, அசையாமல் நிற்கும் விரலில் சுடும் விசை திரும்பத் திரும்ப வந்து முட்டும். இயந்திரத் துப்பாக்கி என்பதற்கு 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை, "விசையின் ஒரே இயக்கத்தில்" தானாகப் பல குண்டுகள் பாய வேண்டும் என்பது. ஒவ்வொரு முட்டலும் தனி இயக்கம் என்று சொல்லி, பம்ப் ஸ்டாக்குக்கு அரசு நிர்வாகம் போட்டிருந்த தடையை 2024இல் உச்ச நீதிமன்றம் 6-3 என ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு இரண்டாவது திருத்தத்தின்மேல் நிற்கவேயில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வரையறையைத் திருத்தலாம் என்று நீதிபதி அலிட்டோவே தனியாக எழுதினார். 2017க்கும் 2024க்கும் நடுவே ஏழு வருடம் இருந்ததே, யார் தடுத்தார்கள்?

எனக்கு அதைவிட வலிக்கிற விஷயம் கெடு. உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவர் படிவம் 4473ஐ நிரப்பிக் கொடுத்ததும் கடைக்காரர், அவரது பின்னணியைப் பார்க்கும் எஃப்.பி.ஐ.யின் சோதனை மையத்தைக் கேட்பார். கொடுக்கலாம், மறுப்பு, தாமதம் என்று மூன்றில் ஒரு பதில் வரும். தாமதம் என்று வந்து மூன்று வேலைநாள் போய்விட்டால், பதில் வராமலே கடைக்காரர் விற்கலாம். விற்றே ஆக வேண்டும் என்றில்லை. பின்னால் மறுப்பு வந்தால், கொடுத்த துப்பாக்கியை மீட்க துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் கூட்டரசு அமைப்பான ஏ.டி.எஃப். ஆட்கள் வீடு தேடிப் போக வேண்டும்.

2015 ஏப்ரல் 11, சனிக்கிழமை. தென் கரோலினாவில் 21 வயதுக்காரன் ஒருவன் கைத்துப்பாக்கி கேட்கிறான். பதில், தாமதம். போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைதானபோதே அவன் ஒப்புக்கொண்டிருந்தான். விற்பனையை நிறுத்த அது போதும். ஆனால் பதிவில் கைது செய்த காவல்துறையின் பெயர் தவறாக இருந்தது. சரிபார்த்தவர் வேறு அலுவலகங்களில் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே திங்கள், செவ்வாய், புதன் கழிந்தன. 16ஆம் தேதி துப்பாக்கி அவன் கைக்குப் போனது. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் இமானுவேல் தேவாலயத்தில் வேத வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேர் அவன் சுட்டதில் செத்தார்கள். 2022ஆம் ஆண்டுச் சட்டம் கெடுவைப் பத்து வேலைநாள் வரை நீட்டியது, ஆனால் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும். அவனுக்கு அது பொருந்தியிருக்காது. எல்லோருக்கும் பத்து நாள் என்ற மசோதாவை மக்களவை 2019இலும் 2021இலும் நிறைவேற்றி அனுப்பியும் செனட் நிறைவேற்றவில்லை.

எதிர்த்தரப்பின் கவலை பொய்யில்லை. குற்றவாளியின் பெயரோடு பெயர் ஒத்துப்போனதால் ஒவ்வொரு முறையும் தாமதத்தில் மாட்டுகிற நல்லவர்கள் உண்டு. அவர்களுக்காகவே எஃப்.பி.ஐ. தனி அடையாள எண் கொடுக்கிறது. அதைப் படிவத்தில் எழுதினால் குழப்பம் பெரிதும் தீரும். முடிவே இல்லாத காத்திருப்பு நீதிமன்றத்தில் நிற்காது என்பதும் சரி. ப்ரூயன் தீர்ப்பின் அடிக்குறிப்பே அதை எச்சரிக்கிறது. அதனால் கெடுவும் வேண்டும், கெடு தாண்டினால் வாங்குபவர் முறையிட வழியும் வேண்டும். 2021 மசோதாவில் இரண்டும் இருந்தன.

பதிவுகள் வந்து சேராவிட்டால் பத்து நாளும் வீண். டெக்சஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 2017இல் 26 உயிர்கள் போயின. சுட்டவன் குடும்ப வன்முறைக்காக 2012இல் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். விமானப்படை அந்தத் தகவலை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவே இல்லை. அவன் சோதனையில் தேறிக் கடையில் வாங்கினான். இங்கே எந்த உரிமை குறுக்கே வந்தது? 2021இல் கூட்டரசு நீதிபதி ஒருவர் பொறுப்பில் 60 சதவீதத்தை அரசின் மேலேயே வைத்தார்.