அல்ஜீரியாவின் கணக்கில் வராத மேட்சுகள்

அல்ஜீரிய கால்பந்து அணியின் முதல் மேட்ச் எது என்று தேடினால், 1963 ஜனவரியில் பல்கேரியாவோடு ஆடியது என்று வரும். என்னால் இதை ஏற்க முடியவில்லை. அதற்கு ஐந்து வருடம் முன்பே அந்த அணி ஆட ஆரம்பித்துவிட்டது.

1958 ஏப்ரல். அல்ஜீரியா பிரான்சின் பிடியில் இருக்கிறது, விடுதலைப் போர் நடக்கிறது. பிரெஞ்சு கிளப்புகளில் பேரும் புகழுமாக இருந்த அல்ஜீரிய வீரர்கள் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் பக்கத்து நாடான துனீசியாவின் தலைநகர் துனிஸ் போய்ச் சேர்ந்தார்கள். செயின்ட் எத்தியென் கிளப்பின் ரஷீத் மெக்லூஃபிக்கு அப்போது வயது 21. மேட்சில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் இருந்தவரை நண்பர்கள் வந்து கூட்டிப் போனார்கள். அவர் பிரெஞ்சு ராணுவ சேவையிலும் இருந்தார். எல்லையில் மாட்டியிருந்தால் ராணுவத்தைவிட்டு ஓடியவர் என்று சிறைதான். மொனாக்கோ கிளப்பின் முஸ்தஃபா ஸிதூனி பிரான்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர். இரண்டே மாதத்தில் சுவீடனில் உலகக் கோப்பை. பிரான்ஸ் மூன்றாம் இடம் பிடித்த கோப்பை அது. அத்தனையையும் உதறிவிட்டுப் போனார்கள்.

விடுதலைப் போரை நடத்திய தேசிய விடுதலை முன்னணியின் பெயரில் உருவான அந்த அணியை ஃபிஃபா அங்கீகரிக்கவில்லை. அவர்களோடு ஆடுகிறவர்களுக்கும் எச்சரிக்கை. ஆனாலும் நான்கு வருடம் அரபு நாடுகள், கிழக்கு ஐரோப்பா, சீனா, வியட்நாம் என்று சுற்றிச் சுற்றி ஆடினார்கள். 1961-ல் பெல்கிரேடில் யூகோஸ்லாவியாவை 6–1 என்று அடித்தார்கள். நாடே இன்னும் பிறக்காத நேரத்தில் அதன் கொடியை மைதானத்தில் ஏற்றினார்கள். ஒரு தேசிய அணி என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எதிரணிகள் பல இடங்களில் முழு தேசிய அணியாக இறங்கவில்லை, அதனால் கணக்கில் சேர்க்க முடியாது என்பார்கள். சரி, தரவரிசைக்குச் சேர்க்க வேண்டாம். ஆனால் பயிற்சியாளர் அளவுக்கு மீறி மாற்று ஆட்டக்காரர்களை இறக்கியதால் அந்தஸ்து இழக்கும் நட்பு ஆட்டத்துக்கும் இதே 'அதிகாரப்பூர்வமற்றது' என்ற முத்திரைதான். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது அநியாயம்.

1902-ல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து மேட்சின்போது பார்வையாளர் மேடை உடைந்து 25 பேர் இறந்தார்கள். அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி ஒரு மேட்ச் வைத்தார்கள். அந்த நீக்கத்தில் ஒரு மரியாதையாவது இருக்கிறது. அல்ஜீரிய வீரர்களுக்கு நடந்தது வேறு. புள்ளிவிவரத்தை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு, ஸிதூனி பிரான்சுக்கு நான்கு மேட்ச் ஆடிவிட்டுக் காணாமல் போனவர், அவ்வளவுதான்.

மெக்லூஃபி விடுதலைக்குப் பிறகு செயின்ட் எத்தியெனுக்கே திரும்பி வந்தார். 1968 பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அணியின் இரண்டு கோலும் அவருடையதுதான். அதெல்லாம் பதிவில் பத்திரமாக இருக்கிறது. நடுவில் தன் நாட்டுக்காக ஆடிய நான்கு வருடத்துக்கும் தேதி, ஊர், கோல் அடித்தவர் பெயரோடு அதே பட்டியலில் ஒரு தனிப் பத்தி வேண்டும். 1958-ல் தொடங்கி.