அந்தப் பையனின் பல்லைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எந்தப் படத்தைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் எனக்கே அனுப்பிவைத்தீர்கள். இங்கே சிங்கப்பூரில், நம் சமூக மன்றத்துப் பொங்கல் நிகழ்ச்சி. அங்கே ஒரு பையன், கையில் பாண்டுங் (ரோஜாப் பாகு கலந்த இனிப்புப் பால்) கிளாஸ், வயிற்றில் இழுத்துப் பிடிக்கும் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. ஆறு வயதுக்கு மேல் இருக்காது. மேல் முன்பல் நான்கும் கறுத்து அரித்துப் போயிருக்கிறது. படத்துக்கு மேலே ஒரு வரி: "பெற்றால் மட்டும் போதுமா?" கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அம்மா போனும் கையுமாக இருப்பாள் என்று ஒருவர். இவர்களுக்கெல்லாம் எதற்குப் பிள்ளை என்று ஓர் அக்கா. அந்த அக்கா என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். பிள்ளையின் பல்லை வைத்து அதன் அம்மாவின் பாசத்தை அளக்காதீர்கள். பிள்ளையின் எடையை வைத்தும் அளக்காதீர்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல் பல் நான்கும் போயிருக்கிறது, கீழ்ப் பல் பளிச்சென்று இருக்கிறது. புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கிப்போகும் குழந்தைக்கு இப்படித்தான் ஆகும். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். இனிப்புப் பால் மேல் பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும், வாயில் இருக்கும் கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்கும், பால்பல்லின் எனாமல் மெல்லியது, சீக்கிரம் கரைந்துவிடும். கீழ்ப் பல்லை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும். அதாவது இது நேற்று சாப்பிட்ட மிட்டாயால் வந்ததில்லை, இரண்டு வயதிலேயே தொடங்கியிருக்கும். இதைத் தெரிந்துகொள்ள நான் பல் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. என் தம்பிக்கு இதேதான். அவன் வாயில் அந்தப் புட்டியை வைத்தவள் நான்.

அம்மாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். அப்பா கப்பல் பட்டறை, ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, இருந்தால் வீட்டுக்கு வருவது நள்ளிரவு தாண்டித்தான். ஓர் அறை வாடகை வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். தம்பி அழுதால் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டுவார், அந்தப் பயத்திலேயே இனிப்பான கெட்டிப்பாலைச் சுடுதண்ணீரில் கலந்து அவன் வாயில் கொடுத்துத் தூங்க வைப்பேன். எனக்கு வயது எட்டு. அம்மாதான் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார், இரண்டு ஸ்பூன் போதும் என்று. அவன் அழாமல் இருக்கட்டும் என்று நான் மூன்று போடுவேன். அவனுக்கு முளைத்த முன்பல் நான்கும் மூன்று வயதுக்குள் போய்விட்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கக் கற்றுக்கொண்டான். அப்புறம் நிலைப்பல் நன்றாகவே முளைத்தது, ஆனால் கை இறங்கவில்லை. அவன் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் இன்றைக்கும் பாதிப் படத்தில் கை வாய்மேல்தான் இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், என் அம்மாவுக்குப் பாசம் இல்லையா? விடியற்காலை வீட்டுக்கு வந்து, எங்களை எழுப்பிக் குளிப்பாட்டி, நான்கு மணி நேரம் தூங்கி, எழுந்து சமைத்துவிட்டு மறுபடி ஷிப்டுக்குப் போன மனுஷிக்கா?

எடைக்கும் வருகிறேன். 1992ல் எடை கூடிய பிள்ளைகளை இளைக்க வைக்கப் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் தொடங்கினார்கள், சுருக்கமாக டாஃப் (TAF). எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ஆங்கிலத்தில் 'குண்டு' (FAT) என்று வரும், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் எல்லாரும் கேண்டீனுக்கு ஓடுவார்கள், நாங்கள் மட்டும் மைதானத்துக்கு. நான்கு வருஷம் நான் அந்த வரிசையில் ஓடினேன். பார்த்துக்கொண்டே நாசி லெமாக் சாப்பிட்டவர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சோற்றுப் பானையைக் காலி செய்வேன். எடை குறையவே இல்லை. 2007ல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், பேருந்தில் செய்தியைப் படித்துவிட்டு அழுதேன்.

அதனால், "வெட்கப்பட்டால்தான் திருந்துவார்கள், நல்லதுக்குத்தான் போட்டோம்" என்று யாராவது சொல்ல வந்தால் தயவுசெய்து வேண்டாம். வெட்கப்படுத்திப் பார்த்தாயிற்று. இந்த நாடே 15 வருஷம் பார்த்தது.

என்ன பலித்தது தெரியுமா? யாரையும் திட்டாமல் செய்தவை பலித்தன. 1950களிலேயே இந்தத் தீவின் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கினார்கள், புக்கிட் தீமா பங்களாவுக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கும் ஒரே தண்ணீர்தான் வந்தது. என் அம்மா தலைமுறையில் பள்ளியில் கால்வாய் ஓரம் வரிசையாகக் குந்த வைத்து, கையில் குவளையும் பிரஷும் கொடுத்துப் பல் துலக்க வைத்தார்கள். அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்திலேயே பல் மருந்தகம், தாதி வகுப்பு வாசலில் வந்து பெயர் கூப்பிட்டால் வயிறு கலங்கும், ஆனாலும் காசு கேட்காமல் பார்த்துவிடுவார்கள். பானங்களில் சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு என்று பார்த்து ஏ, பி, சி, டி என்று தரம் போடும் நியூட்ரி-கிரேட் முத்திரை (ஏ நல்லது, டி மோசம்) 2022 டிசம்பர் இறுதியில் வந்தது. 2017ல் டப்பா, பாட்டில் பானங்களில் சர்க்கரையின் இடைநிலை அளவு 7.1%, 2023ல் 4.6%. எந்தத் தாயையும் படமெடுத்துப் போட்டு அது குறையவில்லை. முத்திரை வருவதற்கு முன்பிருந்தே, டி வாங்கிவிடக் கூடாது என்று கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்தன.

ஓட்டை எங்கே என்றால், பள்ளிக்கு முந்தைய வருஷங்களில். தொடக்கநிலை ஒன்றில் பள்ளிப் பல் மருத்துவச் சேவை கைக்கு வரும்போது பிள்ளைக்கு ஏழு வயது. புட்டிப்பல் கெடுவதோ இரண்டு, மூன்றில். நடுவில் இருக்கும் அந்த நான்கைந்து வருஷம், வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 2022ல் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். மிக ஏழை வட்டாரங்களில் 35.1% பேருக்குச் சொத்தைப்பல், மிக வசதியான வட்டாரங்களில் 13.5%. உடல் பருமனும் அப்படித்தான், பள்ளியில் சேரும் வயதிலேயே ஏழை வட்டாரப் பிள்ளைகளிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏழைத் தாய்க்கு மட்டும் பாசம் குறைவாக வைத்தா கடவுள் படைத்தார்? ஸ்காட்லாந்தில் சைல்ட்ஸ்மைல் என்று ஒரு திட்டம், பாலர் பள்ளியிலேயே தினமும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பல் துலக்க வைக்கிறார்கள். நம் கால்வாய் ஓரம்தான், வயது மட்டும் சின்னது.

நம் பள்ளிகளிலும் எடை கூடுதலான பிள்ளைகள் 2017ல் 13%, 2021ல் 16%. நான்கே வருஷத்தில் இத்தனை அம்மாக்கள் ஒன்றாகச் சேர்ந்து சோம்பேறி ஆகிவிட்டார்களா?

சரி, என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பிரஷ் இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தண்ணீர் குழாயில் வருகிறது, இதற்குமா ஏழ்மை காரணம்? பிரஷ் இரண்டு வெள்ளிதான். ஆனால் ஏழு, எட்டு வயது வரை பிள்ளை தானாகச் சரியாகத் துலக்காது, ராத்திரி ஒன்பது மணிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரின் கை வேண்டும். கடை மூடி, கூட்டித் துடைத்துவிட்டு பத்தரைக்குப் புறப்படும் அம்மாவின் கை அந்த நேரத்தில் இன்னும் கடையில்தான் இருக்கிறது. என் மகளுக்குப் பல் நன்றாக இருக்கிறது. எனக்கு ஆறு மணிக்கு வேலை முடிகிறது, அவ்வளவுதான் காரணம். முதல் பிறந்தநாளுக்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டினேன், மூன்று வயது வரை அரிசி அளவு பற்பசை, அப்புறம் பட்டாணி அளவு என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அதற்கு நான் அரை நாள் விடுப்பு எடுத்தேன், சம்பளம் பிடிக்கவில்லை. நாள் கூலிக்காரிக்கு அந்த அரை நாள் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். சொத்தை முற்றி, மயக்க மருந்து கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும் என்று தனியார் மருத்துவர் சொன்னால் ஆயிரக்கணக்கில் போகும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

பணக்காரப் பிள்ளைகளும்தானே குண்டாக இருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

"நானும் கஷ்டத்தில்தான் வளர்ந்தேன், என் பல் நன்றாகத்தான் இருக்கிறது" என்று எழுதிய அண்ணனுக்கு, உங்கள் வீட்டில் உங்கள் பாட்டி இருந்தார். நீங்களே போன தீபாவளிக்கு அவரைப் பற்றி உருகி உருகி எழுதினீர்கள்.

பெற்றோருக்குப் பொறுப்பே இல்லையா என்றால், இருக்கிறது. இன்றைக்கு எனக்கு அதைப் பேச மனம் வரவில்லை.

எனக்கு இன்னும் வலிப்பது வேறொன்று. இதே நாம்தான் ஒரு வயதுக் குழந்தை ஒல்லியாக இருந்தால், பால் கொடுக்கிறாயா இல்லையா என்று தாயைக் குடைகிறோம். கொழுகொழுவென்று இருந்தால் கன்னத்தைக் கிள்ளி, கண்ணு பட்டுவிடும் என்று பொட்டு வைக்கிறோம். அதே பிள்ளைக்குப் பத்து வயது ஆனதும் எல்லார் முன்னாலும் குண்டு என்கிறோம். "மற்ற இனத்தார் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் மானத்தைச் சுமக்க ஓர் ஆறு வயதுப் பையன்தான் கிடைத்தானா?

அந்த நிகழ்ச்சிக்கு நானும் வந்திருந்தேன். மேசையில் கேசரி, சர்க்கரைப் பொங்கல், ஜிலேபி, பெரிய டிரம்மில் பாண்டுங். வெறும் தண்ணீர் வேண்டும் என்றால் உள்ளே போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அவன் கையில் இருந்த கிளாஸை அவன் அம்மா கொடுக்கவில்லை. தொண்டூழியர் சட்டை போட்டுக்கொண்டு நாம் கொடுத்தோம். கொடுத்துவிட்டுப் படமும் எடுத்தோம்.

படத்தைப் போட்ட அண்ணா, உங்களுக்குத் தனியாகவும் எழுதினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. படம் இன்னும் அப்படியே இருக்கிறது. நேற்று ராத்திரி நம் வட்டார வாட்ஸ்அப் குழுவை விட்டு ஒருவர் வெளியேறினார், பார்த்திருப்பீர்கள். அவன் அம்மாதான் அது. படத்தை எடுத்துவிடுங்கள்.